சொன்னவர் யார்?

திறனாய்வு என்றதும் காவியமும் கவிதையும், கதையும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அச்சில் ஏறி, ஆசிரியர் பெயரைச் சுமந்து, விலை குறிக்கப்பெற்று நம் கைக்கு வருபவை மட்டுமே ஆய்வுக்கு உரியவை என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் இன்றைய தமிழர் நாள்தோறும் மிகுதியாகப் படிப்பது எதனை? நெஞ்சைத் தொட்டு விடை கூறுவதாயின், நூலையுமன்று, இதழையுமன்று. கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக வந்து சேரும் செய்தித் துணுக்குகளையே என்றுதான் கூறவேண்டும். யாரோ எழுத, யாரோ அனுப்ப, நாம் படித்து, படித்த சூட்டோடு அடுத்தவருக்குத் தள்ளிவிடும் அச்செய்திக்கு மக்கள் ‘ஃபார்வர்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். மீஞ்சூரும் பொன்னேரியும் கவரப்பேட்டையும் வந்து போகின்றன; குனிந்த தலைகள் நிமிர்வதில்லை. சிப்காட் வளாகத்தின் உருக்கு ஆலையில் இரவு ஷிப்டு முடித்த பீகார் இளைஞரும், பொன்னேரியில் ஏறும் கல்லூரி மாணவியும், பழவேற்காட்டுக்குத் திரும்பும் மீன் வியாபாரியும் அவரவர் மொழியில் இதே வகை எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலோ, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியும் படிக்கிறார்; படிக்கத் தெரியாதவருக்கு ஒலியாகவும் படமாகவும் அது வந்து சேர்கிறது. இத்தனை வாசகர்களைப் பெற்ற ஓர் எழுத்துவகை தமிழில் இதற்குமுன் தோன்றியதில்லை. அப்படியிருக்க, அதனை எடைபோட்டுப் பார்க்கத் திறனாய்வாளர் எவரும் முன்வராதது ஏன்? குப்பை என்று ஒதுக்கிவிட்டோம் போலும். மனித உயிரைப் பலி கொண்ட எழுத்தை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது என்பதே நம் கருத்து.

பாயிரமும் அறிவிப்பாளர் வரிசையும்

ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் தமிழறிஞர் தேடியது அதன் பாயிரத்தை. நூலை ஆக்கியவர் யார், அது எந்த வழியில் வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, அதன் பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதனைச் சொல்ல வந்தது, யாருக்காகச் சொல்லப்பட்டது, என்ன பயன் தருவது என்ற எட்டும் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டும் என இலக்கண நூலார் வகுத்தனர். காலம், அரங்கேறிய களம், இயற்றிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். பொருளுக்குள் புகுமுன் நூலின் குலம் கோத்திரத்தை விசாரித்துக்கொள்ளும் ஒழுங்கு இது.

இதே ஒழுங்கை இன்னும் கண்டிப்பாகப் போற்றியவர்கள் ஹதீஸ் கலை இமாம்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் ஒரு சொல்லைப் பதிவு செய்யுமுன், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்குச் சொன்னவர் யார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அவர்கள் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நல்லவராயிருந்தால் மட்டும் போதாது. நினைவாற்றல் உள்ளவரா, தாம் யாரிடம் கேட்டதாகக் கூறுகிறாரோ அவரை உண்மையிலேயே சந்தித்தவரா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்வை ஆராய்வதே தனியொரு கலையாக வளர்ந்தது. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் முன்னுரையில் இப்பொருளைத்தான் விரிவாகப் பேசுகிறார்கள். கேட்டதையெல்லாம் ஆராயாமல் பிறருக்குச் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்னும் கருத்துடைய நபிமொழியும் அம்முன்னுரையில் இடம்பெற்றுள்ளது.

தமிழின் பாயிர மரபுக்கும் இஸ்லாத்தின் அறிவிப்பாளர் மரபுக்கும் ஒருங்கே வாரிசுகளாகிய நாம், அவ்விரு அளவுகோல்களையும் கொண்டு ‘ஃபார்வர்டை’ அளந்து பார்ப்போம். ஆக்கியவர் பெயர்? இல்லை. வழி? ‘நண்பர் ஒருவர் அனுப்பியது’. எல்லை? ‘நம்ம ஏரியாவில்’, எந்த ஊரில் படித்தாலும் அந்த ஊரே அதற்குக் களமாகிவிடுகிறது. காலம்? ‘நேற்று இரவு’; எந்த ஆண்டில் படித்தாலும் அது நேற்றைய இரவே. கேட்போர்? எல்லோரும். பயன்? ‘உடனே எல்லோருக்கும் பகிரவும்’. இந்த இறுதி வாக்கியம் ஒன்றுதான் அதில் ஐயமற விளங்குவது. தன்னைப் பெருக்கிக்கொள்வதையே நோக்கமாகக் கொண்ட எழுத்து அது என்பதை அவ்வாக்கியமே ஒப்புக்கொண்டு விடுகிறது.

முன்னோர் வரிசை

இவ்வகை எழுத்து முற்றிலும் புதியதா என்றால், இல்லை. நம் வீடுகளுக்கு அது பழைய விருந்தாளி. மதீனாவில் நபியவர்களின் அடக்கத்தலத்துப் பணியாளர் ஷைகு அஹ்மது கனவு கண்டார் என்றும், மறுமை நெருங்கிவிட்டது என்றும், இக்கடிதத்தைப் படியெடுத்து இத்தனை பேருக்கு அனுப்பினால் செல்வம் கொழிக்கும், அனுப்பத் தவறினால் கேடு சூழும் என்றும் அச்சுறுத்திய கடிதத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் நாடுகள் பலவற்றைச் சுற்றி வந்த கடிதம் அது. எகிப்தின் ரஷீத் ரிளா முதல் சவூதி அரேபியாவின் இப்னு பாஸ் வரை அறிஞர் பலர் அதைப் பொய்யென்று மறுத்து எழுதியும் அதன் பயணம் நிற்கவில்லை.

சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ரயில் நிலையங்களிலும் பாடி விற்கப்பட்ட சிந்துப் புத்தகங்களும் இவ்வகையின் உறவுதான். கொலை, ரயில் கவிழ்வு, பெருவெள்ளம் ஆகியவற்றை அவை நெஞ்சு பதறப் பாடின, மிகைப்படுத்தியும் பாடின. ஆயினும் இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் தாளில் குறிக்குமாறு கட்டளையிட்டது. மலிவுச் சிந்துக்கும் அது பொருந்தியது. பொய் எழுதினால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிந்திருந்தது. இது முதல் வேறுபாடு. ஷைகு அஹ்மதின் கனவைப் பரப்புவதற்கு அஞ்சலட்டை வாங்க வேண்டும், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதவேண்டும், முகவரி தேட வேண்டும். மூன்றாவது அட்டையில் கை வலிக்கும். ஐந்தாவதில் அறிவு விழிக்கும். உழைப்பே ஒரு தடுப்பாக நின்றது. இது இரண்டாவது.

அவ்விரு தடுப்புகளும் இன்று அகன்றுவிட்டன. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபின் இந்தியாவில் இணையத்தின் விலை வீழ்ந்து, ஏழை வீட்டிலும் அது நாளெல்லாம் ஓடலாயிற்று. பெயரும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம், காசும் வேண்டாம். கட்டைவிரல் ஒன்று போதும் என்ற நிலை பிறந்தது. ஓசையின்றி வந்த இந்த மாற்றம் என்ன செய்யும் என்பதை அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே திருவள்ளூர் மாவட்டம் கண்டுகொண்டது.

பழவேற்காடு, 2018

பழவேற்காடு அயலாரை அறியாத ஊரன்று. அரபு வணிகரும் டச்சுக்காரரும் கப்பலில் வந்திறங்கிய துறைமுகம் அது. 1613இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சுவடுகளும், பழமையான பள்ளிவாசல்களும் அங்கே உள்ளன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரத்தை நிழல் கொண்டு அறியும் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. கடல் கடந்து வந்தவரை ஏற்று, மணமுடித்துக் கொடுத்து, உறவாக்கிக்கொண்ட மண் அது.

அத்தகைய ஊரில், 2018 மே 9 அன்று, ஊர் பேர் தெரியாமல் திரிந்துகொண்டிருந்த ஒருவரைக் கூட்டம் ஒன்று பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஐயுற்று அடித்தே கொன்றது. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பத்தினரை ஊரார் வளைத்துத் தாக்கினர். 65 வயதான மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்கள்மீது ஐயம் எழக் காரணமாயிற்று. வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்ற செய்தி அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்களின் கைப்பேசிகளிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அது பொய் என்று காவல்துறை எச்சரித்தும் பயனில்லை. இரு நிகழ்ச்சிகளிலும் பலர் கைதாயினர்.

அந்த ஊர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அன்று அந்தப் பாலத்தருகே நின்றவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள்; அச்சம் உண்மையானது. அந்த அச்சத்திற்குக் கற்பிக்கப்பட்ட காரணமே பொய். பொய்யான எழுத்து ஒன்று, உண்மையான அன்பைக் கருவியாகக் கொண்டு கொலை செய்தது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

அவ்வாண்டு இந்தியாவில் பரவிய படங்களுள் ஒன்றைத் திறனாய்வாளர் கண்கொண்டு நோக்குவோம். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு துடிக்கும். உண்மையில் அது கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்ற பிள்ளையை அவர்களே திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். குழந்தையைத் தொலைக்க ஒரு நொடி போதும் என்ற எச்சரிக்கையோடு படம் முடிகிறது. யாரோ ஒருவர் அந்த முடிவை மட்டும் வெட்டி எறிந்தார். ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. இறுதிப் பகுதியை நீக்கினார், அவ்வளவே. பிள்ளைகளைக் காக்கப் பிறந்த படைப்பு, மனிதரைக் கொல்லும் படைப்பாயிற்று. எழுத்திலும் படத்திலும் எதைச் சேர்த்தார்கள் என்று மட்டுமே நாம் கேட்கிறோம்; எதை நீக்கினார்கள் என்றும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இக்கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் தொடர்ந்தபின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளமுடியாதபடி வரம்பிட்டது. கைமாறி வந்த செய்தி என்ற குறிப்பும் அதன் தலையில் இடம்பெறலாயிற்று. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளையில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினார்கள். இதன் பொருள் என்ன? கை வலித்த அந்த மூன்றாவது அஞ்சலட்டையை இயந்திரத்துக்குள் மீண்டும் வைக்க முயன்றார்கள் என்பதே. நல்ல முயற்சிதான். எனினும், வேகத்தைக் குறைப்பது வேறு, உண்மையைச் சோதிப்பது வேறு. மெதுவாக நடக்கும் பொய்யும் வீடு வந்து சேர்ந்துவிடும்.

மௌனம் பெற்ற பிள்ளை

இதுவரை கூறியதைக் கொண்டு, பரப்புகின்ற மக்களே முழுக் குற்றவாளிகள் என்ற முடிவுக்கு வருவது எளிது. அம்முடிவு நியாயமன்று என்பதை அதே மாவட்டத்து மற்றொரு நிகழ்ச்சி காட்டுகிறது.

சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளைப் பூட்டித் தரும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் பணியாற்றிய பெண்கள் பலர், திருவள்ளூர் மாவட்டம் பூவிருந்தவல்லி அருகேயுள்ள ஜமீன் கொரட்டூரில் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். 2021 டிசம்பர் நடுவில் விடுதி உணவு நஞ்சாகி, 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனைக்குச் சென்ற தோழியரின் நிலை என்னவென்று மற்றப் பெண்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு அவர்கள் தெருவில் இறங்கினார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை மறுநாள் வரை மறிக்கப்பட்டது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள், அதுவே உண்மை.

செய்தி பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைப் பெற்றெடுத்தது எது? சொல்ல வேண்டியவர்கள் உரிய நேரத்தில் உரிய முறையில் சொல்லாத மௌனம்தான். விடை கிடைக்காத கேள்வியின் இடத்தில் வதந்தி குடியேறுகிறது. மேலும், அப்பெண்களின் கோபத்திற்கு அடிப்படையான குறை பொய்யன்று. அதே மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனமே, ஊழியர் தங்கிய சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று கூறி, அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிக்கிடந்த ஆலை 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெரும் குடியிருப்பைச் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது.

உலகெங்கும் உள்ளோர் நொடிக்கு நொடி செய்தி பெறுவதற்கான கருவியைச் செய்யும் கைகளுக்கு, பக்கத்து மருத்துவமனையில் கிடக்கும் தோழி உயிரோடிருக்கிறாளா என்ற செய்தி கிடைக்கவில்லை. இணைப்பு மிகுந்த காலம் என்று நாம் பெருமை பேசும்போது இந்த ஒன்றை மறக்கலாகாது. கம்பியும் அலையும் இணைத்துவிட்டால் செய்தி வந்துவிடாது. சொல்லும் மனமும், சொல்லவேண்டிய கடமையும் வேண்டும். வதந்தியைக் கண்டிக்கும் உரிமை, உண்மையை ஒளிக்காதவர்க்கே உண்டு.

திரும்பிப் பாய்ந்த அம்பு

2018இல் ‘வடக்கத்தியார் வருகிறார்கள்’ என்று தமிழர் அஞ்சினர். ஐந்தாண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், அதே அம்பு திரும்பிப் பாய்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தேடித் தேடித் தாக்கப்படுகிறார்கள் என்ற செய்தி இந்தி மொழியில் படங்களோடு பரவியது. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, அப்படங்கள் பொய்யாகப் பொருத்தப்பட்டவை என்று விளக்கினார். ஒன்று திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமக்குள்ளே மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கிடையே நடந்தது. பீகார் அரசு நால்வர் குழு ஒன்றை அனுப்பி நேரில் விசாரித்தது. ஹோலிப் பண்டிகைக்காக ஊருக்குச் சென்ற கூட்டத்தின் ரயில் நிலையப் படங்களும், உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாகக் காட்டப்பட்டன.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டையில் இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே உருக்கு உருக்குபவரும், சுமை ஏற்றுபவரும், கட்டடம் கட்டுபவரும் பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, வங்காளம் முதலிய மாநிலத்தவர். நம் மொழி அவர்களுக்கு முழுமையாகப் பிடிபடவில்லை; அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. இருவர்க்கும் பொதுவான தேநீர்க் கடையில் இருவரும் அருகருகே அமர்ந்து, இருவேறு மொழிகளில், ஒருவரைப் பற்றி மற்றவருக்கு அச்சமூட்டும் செய்தியைப் படித்துக்கொண்டிருக்க முடியும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும் ஐயத்தை, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் படம் வளர்த்துவிடுகிறது. பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த நம் குடும்பங்களுக்கு, ஊரிலுள்ள தாயின் மனம் அச்செய்தி கேட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கருவியின் மறுபக்கம்

கைப்பேசியைக் கடலில் எறியுமாறு நாம் கூறவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார், எங்கே படகு தேவை, எங்கே உணவு இருக்கிறது என்று இளைஞர்கள் சாதிமத வேறுபாடின்றி ஓடியாடித் தொண்டு செய்ய உதவியது அதே கருவி. அந்த நாள்களிலேயே முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியையும் அதே கருவிதான் சுமந்தது. பண்ணையார் மறுக்கும்வரை மக்கள் நீருக்கும் முதலைக்கும் சேர்த்து அஞ்சினர்.

நம் வாழ்விலேயே எடுத்துக்காட்டு வேண்டுமாயின், நோன்புப் பிறையை எண்ணிப் பாருங்கள். ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலை மஃரிபு முடிந்ததும் ‘அங்கே பிறை தெரிந்தது, இங்கே தெரிந்தது’ என்று எத்தனை செய்திகள்! அவற்றினிடையே தலைமைக் காஜி அவர்களின் அறிவிப்பும் அதே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆனால் அதில் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, தேதி இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. அறிவித்தவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார். ஒரே கருவியில் வந்த இரு செய்திகளுள் ஒன்றை நம்பி ஸஹருக்கு எழுகிறோம்; மற்றதைக் கடந்து போகிறோம். ஆகவே, நம்பத்தக்கதையும் தகாததையும் பிரித்தறியும் ஆற்றல் நம்மிடம் இல்லாமலில்லை. பிறைக்குக் காட்டும் அந்தக் கவனத்தைப் பிறர் உயிருக்கும் மானத்திற்கும் காட்டத் தவறுகிறோம் என்பதே குறை.

தந்தையாயினும்

குடும்பக் குழுக்களில் நிலவும் ஒரு தயக்கத்தையும் இங்கே பேசியாக வேண்டும். பெரியத்தாவோ சாச்சாவோ பொய்யான செய்தி ஒன்றை அனுப்பிவிடுகிறார். அது பொய் என்று வீட்டுப் பிள்ளைக்குத் தெரிகிறது. ஆனால் பெரியவரை எல்லோர் முன்னும் மறுத்துரைப்பது மரியாதைக் குறைவல்லவா என்று வாயை மூடிக்கொள்கிறது. பெரியவரின் பெயரும் நரைத்த தாடியும் அந்தப் பொய்க்குச் சான்றிதழாகிவிடுகின்றன.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம், அவருடைய தந்தையின் அறிவிப்புகள் எத்தகையவை என்று வினவப்பட்டது. தந்தையை அவர் மதிக்காதவரல்லர். ஆயினும் தம் தந்தை அறிவிப்பில் பலவீனமானவர் என்றே கூறினார். மார்க்கத்தின் உண்மை அவருக்குத் தந்தையின் பெருமையினும் பெரிதாக இருந்தது. வீட்டுப் பிள்ளைகள் அந்த அளவுக்குக் கடுமை காட்ட வேண்டியதில்லை. ‘இது தவறான செய்தியாம், பெரியத்தா, பிறகு பேசுகிறேன்’ என்று தனியே தொலைபேசியில் சொன்னால் போதும். அனுப்பிய பெரியவரும், அனுப்பிய அதே இடத்தில் ‘முன்னர் அனுப்பியது தவறு’ என்று ஒரு வரி எழுதினால், அவர் மதிப்பு குறையாது, கூடும். பொய் சென்ற பாதையிலெல்லாம் திருத்தமும் செல்லவேண்டுமன்றோ?

அரசு எல்லாச் செய்திகளையும் திறந்து பார்த்துத் தோற்றுவாயைக் கண்டுபிடிக்கட்டும் என்போர் உளர். முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டவேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு விதியை எதிர்த்து, அவ்வாண்டு மே மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. ஒருவர் கடிதத்தை மற்றொருவர் பிரித்துப் படிக்கும் வழக்கம் நாட்டுக்கு நல்லதன்று என்றே நாமும் கருதுகிறோம். ஆயின், அஞ்சல் உறை மூடியே இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள், உறைக்குள் எதை வைத்து அனுப்புகிறோம் என்ற பொறுப்பைத் தாமே ஏற்றாக வேண்டும். காவலனை வாசலில் நிறுத்த வேண்டாம் என்றால், உள்ளத்திலே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மதீனாவிலே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரவிய ஒரு மாத காலத்தை நம் மக்கள் அறிவார்கள். அதை இட்டுக்கட்டியவர் சிலரே. கேட்டதைக் கேட்டபடி சொன்னவர்களால்தான் அது ஊரெங்கும் பரவியது. பின்னவர் பலருக்குப் பகையேதும் இல்லை. ‘இப்படிச் சொல்கிறார்கள்’ என்று சொன்னதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. ஆயினும் நூர் அத்தியாயம் அவர்களையும் கண்டிக்காமல் விடவில்லை. செய்தியைத் தீர விசாரித்தறிவதை ஹுஜுராத் அத்தியாயம் கடமையாகவே விதித்தது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை நேரலாகாது என்பதே அக்கடமைக்கு அது காட்டும் காரணம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட அந்த ஒழுங்குக்கு இன்றைய கைப்பேசியைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறு எது?

ஆகவே, இவ்வெழுத்து வகையைப் படிக்கும் ஒவ்வொருவரும் திறனாய்வாளராக வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரும் புலமை தேவையில்லை. சொன்னவர் யார்? எங்கே, எப்போது நடந்தது? இதில் வெட்டப்பட்டது எது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத செய்தி நம் கையோடு நின்றுவிடட்டும். 2018 மே மாதத்தில் பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்த செய்தி, அதற்கு முன்னர் எத்தனையோ கைகளைக் கடந்துதான் வந்திருக்கும். அவற்றுள் பல, தொழுகைக்கு ஒளூச் செய்த கைகளாகவும், பிள்ளைக்குச் சோறூட்டிய கைகளாகவும் இருந்திருக்கலாம். ஊர் பேர் தெரியாத அம்மனிதரை அவர்களில் எவரும் கண்டதில்லை, அடித்ததுமில்லை. ஒரு செய்தியைக் கடத்தினார்கள், அவ்வளவே. அந்த வரிசையில் ஒரே ஒருவர் நிறுத்திக் கேட்டிருந்தாலும், ஒரு கிளையேனும் அங்கே முறிந்திருக்கும்.